சனிக்கிழமைக் கை

ஜூன் 3, செவ்வாய், இரவு

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. அத்தையிடம் காட்டவே காட்டாதே. படித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவளுக்கு இப்போது மட்டும் என்ன அக்கா ஞாபகம் என்று நீ கேட்பாய். கேள். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் அட்லஸை வைத்து எழுதுகிறேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ராத்திரி ஷிப்ட். அப்பாவும் பட்டாணியும் தூங்குகிறார்கள். பட்டாணியை நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. நீ போனபோது தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது வாய் மூடுவதில்லை.

உன் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது. நீ போன மறுநாளே அப்பா போட்ட சட்டம். உன் கையெழுத்து இருந்த நோட்டையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். நீ விட்டுவிட்டுப் போன செருப்பைக் கையால் தொடவில்லை. அதைத் தாண்டிக்கூடப் போகாமல், விளக்குமாற்றால் தெருவரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். "அவ தோத்த கை. அவ தொட்டது வீட்டுல இருந்தா எல்லாருக்கும் ஒட்டிக்கும்" என்றார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், கரண்ட் கம்பியை வெறும் கையால் பிடிப்பார். உன் செருப்புக்குப் பயந்தார்.

நீ போன அடுத்த சனிக்கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த டயர்க்கடை மாடி அப்படியேதான் இருக்கிறது. அதே வட்ட மேஜை, அதே ரப்பர் நாற்றம், அதே புகை. சீட்டுக்கட்டைக் கலைத்து வைத்ததும், வெட்டுகிற முறை அப்பாவுக்கு வந்தால் என் உள்ளங்கையில் ஒரு ஊது ஊதுவார். நான் வெட்டுவேன். மற்ற நேரம் பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருப்பேன். டயர்க்காரர் இப்போதும் அதையேதான் சொல்கிறார்: "ஜெயிச்சவன் எந்திரிக்கக் கூடாது, தோத்தவன் எந்திரிக்க முடியாது." எல்லாரும் முதல் தடவை கேட்பது போலச் சிரிக்கிறார்கள்.

முதலில் ஜெயித்தோம் அக்கா. நிறைய ஜெயித்தோம். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போவார். போவதற்கு முன்னால் அவரே என் தலையைச் சீவிவிடுவார்.

இப்போது கொஞ்ச நாளாக என் கைக்கு எதுவும் வருவதில்லை. கேஸ் சிலிண்டர் போயிற்று. அம்மாவின் வளையல் போயிற்று. வீட்டு ஓனர் தினம் வந்து வாசலில் தொண்டையைச் செருமுகிறார். அப்பா என்னைத் திட்டுவதில்லை. என் கையை மட்டும் பார்க்கிறார், நின்றுபோன லிஃப்ட்டைப் பார்ப்பது போல.

முடியப்போகிறது என்று உனக்கு எப்படித் தெரிந்தது? என்னையும் எங்கேயாவது அனுப்பிவிடுவாரா?

என் பக்கத்து பெஞ்சுக்காரியின் வீட்டுக்கு, அவள் பெயருக்கே பதில் எழுது. அவளுடைய அப்பாதான் வெல்டிங்காரர், அதே மேஜையில் ஆடுகிறவர். என் கணக்கு நோட்டைக் காப்பியடிக்கத் தரவேண்டும் என்று பேரம் பேசித்தான் ஒப்புக்கொண்டாள். நேற்று ஸ்கூல் திறந்ததும் புது ஷூ போட்டுக்கொண்டு வந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடி பாக்கற? உங்க வீட்டு சிலிண்டர்தான் இது" என்றாள். நாங்கள் ஜெயித்த காலத்தில் அவள் ரப்பர் செருப்போடு வந்தாள். அப்போது நான் அவள் காலைப் பார்த்ததே இல்லை.

குட்டி

ஜூன் 9, திங்கள்

ராசிக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கச் சொன்னாய், கிழிக்கவில்லை. எனக்கு வருகிற கடிதம் எது, கிழிப்பதற்கு?

பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போவார், அவரே சீவிவிடுவார் என்றும் எழுதியிருக்கிறாய். பயத்தைச் சொல்ல எழுதினாயா, அதைச் சொல்ல எழுதினாயா? அந்த இரண்டு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

வகிடு எப்படி எடுக்கிறார்? எனக்கு நடு வகிடு எடுப்பார். சீப்பைத் தண்ணீரில் நனைத்து, மூக்குக்கு நேராக ஒரே கோடு. "லிஃப்ட்டு ரோப்பு மாதிரி நேரா இருக்கணும்" என்பார். உனக்கும் அதையே சொல்கிறாரா? உனக்குச் சுருட்டை முடி. உன் தலையில் கோடு நிற்காது.

அந்த மஞ்சள் கவுன் என்ன ஆயிற்று? இடுப்பில் மடிப்பு வைத்தது. அதை எனக்கு வாங்கித்தந்தார், நான் முதல் தடவை ஜெயித்த மறுநாள். கடைக்காரன் பச்சையைக் காட்டினான். "என் பொண்ணுக்கு மஞ்சள்தான்" என்றார். என் பொண்ணுக்கு. நீ அதைப் போட்டுக்கொள்கிறாய் என்றால் எனக்கு எழுதாதே. நான் தெரிந்துகொள்ள வேண்டாம்.

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அத்தையின் தையல்கூடத்தில் பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். நான் காஜா எடுக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை சட்டைகளில் ஓட்டை போடுவேன், பொத்தான் வேறொருத்தி தைப்பாள். உன் வயசுப் பெண்களின் சட்டை. சில நாள் அளவைப் பார்த்து இது உனக்குச் சரியாக இருக்கும் என்று நினைப்பேன். சில நாள் அந்தக் காஜாவை வேண்டுமென்றே இறுக்கமாக எடுப்பேன், பொத்தான் நுழையாதபடி.

கேட்டதற்குப் பதில். எப்படித் தெரியும் என்றால், சீப்பில் தெரியும். முதலில் அவசர அவசரமாகச் சீவுவார். அடுத்த வாரம் வகிடு கோணும். அப்புறம் ஒரு நாள் சீப்பை உன் கையில் கொடுத்து, "நீயே சீவிக்கோம்மா, பெரிய பொண்ணாயிட்டல்ல" என்பார். உனக்குப் பெருமையாக இருக்கும். அன்றைக்கே முடிந்தது. அதற்கப்புறம் வீட்டில் வேறு கை இருக்கிறதா என்று தேடுவார். என் முறையில் நீ இருந்தாய்.

உன் முறையில் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அக்கா

ஜூன் 15, ஞாயிறு, இரவு

அக்கா,

அந்தக் கவுனை நான் போட்டேன். இப்போது அது எனக்கே பத்தவில்லை. உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நேற்று அம்மா அதன் தோள்பட்டையைப் பிடித்துத் தைத்து பட்டாணிக்குப் போட்டுவிட்டாள். தரையைக் கூட்டிக்கொண்டு போனாள் குழந்தை. கவுன் நடப்பது போலத்தான் இருந்தது.

சீப்பை என் கையில் கொடுத்தது வெள்ளிக்கிழமை. நீ எழுதிய அதே வார்த்தை. பெரிய பொண்ணாயிட்டல்ல. உன் கடிதம் முந்தின நாளே வந்திருந்தது. அதனால் எனக்குப் பெருமைகூட வரவில்லை. அதையும் நீ கெடுத்துவிட்டாய்.

"சும்மா ஒரு ரவுண்டு காத்து வாங்கிட்டு வரட்டும்" என்று சொல்லித்தான் பட்டாணியைத் தூக்கினார். அவள் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு, எனக்குக் கை காட்டினாள். "குட்டிக்கா நீ வதாதே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பல்லெல்லாம் வலித்தது.

அம்மா என்னிடம், "விடுடி, இனிமே சனிக்கிழமையாவது தூங்கலாம், படிக்கலாம். சந்தோஷப்படேன்" என்றாள். நியாயம்தான். இரண்டு வருஷமாக டயர்மேல் உட்கார்ந்து தூங்கி விழுந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை என் முடியை முகர்ந்துபார்த்து அம்மாவே மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அந்த வேலை போனதற்கு நான் அழுதேன் என்று யாரிடம் சொல்வது? தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். தோற்றுவிட்டு வரவேண்டும், அவள் கைக்கு ஒரு ஜோக்கர்கூட வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஜெயித்துவிட்டார்கள். நடுராத்திரி வந்து படுத்த அப்பா, விடியும்போது அவளைச் சமையல் மேடைமேல் நிற்க வைத்துப் பாட்டுப் பாடினார். "கைன்னா இதுதான்டி கை! மத்ததெல்லாம் கரண்டி!" என்றார். நான் அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தேன், என் கையில் கரண்டி இருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை, உனக்கே தெரியும், வேண்டுமென்று யாரையும் நோகடிக்கமாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. பார்த்துச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

இன்றைக்குத் தெருவில் எங்கள் வீட்டில்தான் எண்ணெய் காய்ந்தது. வெல்டிங்காரர் வீட்டில் பாத்திரம் உருண்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வீட்டில் வாசனை, ஒரு வீட்டில் சத்தம். முறை வைத்துக்கொண்டது போல.

இன்னொன்று. அவளுக்கு இழுப்பு இருக்கிறது அக்கா. மழை பெய்தாலே மூச்சு விசில் அடிக்கும். அந்தப் புகையில் உட்கார்ந்து வந்ததிலிருந்து நெஞ்சுக்குள் பூனை உறுமுகிறது. ராத்திரி அப்பாவின் நெஞ்சுமேல் படுத்து இருமிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து மருந்து ஊற்றிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, தூங்குகிறவளின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். முழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், யார் கிள்ளினது என்று தெரியாமல் என் கழுத்தையே கட்டிக்கொண்டாள்.

குட்டி

ஜூன் 20, வெள்ளி

குட்டி,

உன் கடிதத்தை அத்தை பார்த்துவிட்டாள். காஜா மிஷினுக்கு அடியில் மறைத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றிருக்கிறாள். பிடுங்கிக் கிழிப்பாள் என்று நினைத்தேன். முழுக்கப் படித்தாள். பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "இன்னும் ஊதிக்கிட்டுத்தான் இருக்கானா உங்கப்பன்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊதுவது அப்பாவே கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். எனக்கென்று கண்டுபிடித்தது என்று. நீயும் அப்படித்தானே நினைத்தாய்?

"எங்கப்பா ஊதுவாருடி எனக்கு" என்றாள் அத்தை. அவருக்குக் குதிரைப் பந்தயம். பேப்பரில் குதிரைப் பெயர் வரிசையாகப் போட்டிருக்குமாம். அத்தையின் கண்ணைக் கட்டி, உள்ளங்கையில் ஊதி, ஒரு குண்டூசியைக் கொடுப்பாராம். அவள் எந்தப் பெயரில் குத்துகிறாளோ அந்தக் குதிரை. சைக்கிள் பாரில் அவளை உட்கார வைத்துத் தெருவெல்லாம் மணியடித்துக்கொண்டு போவாராம். அவருக்கும் முன்னால் அவருடைய அப்பாவுக்குச் சேவல் சண்டை. அவர் யார் கையால் சேவலுக்குத் தீனி போட வைத்தாரோ, அது அத்தைக்குத் தெரியாது. "எங்க தாத்தனுக்குச் சேவல், எங்கப்பனுக்குக் குதிரை, என் தம்பிக்குச் சீட்டு. ரெண்டு காலு, நாலு காலு, இப்ப காலே இல்ல பாரு" என்று சிரித்தாள்.

அந்தக் காலத்தில் அப்பா சின்னப் பையன். அத்தை ஊசியைப் பிடிக்கும்போது ஓடி வந்து, "எனக்குப்பா, ஒரே ஒரு தடவை எனக்குப்பா" என்று கையை நீட்டுவாராம். தாத்தா அந்தக் கையைத் தட்டிவிடுவாராம். சைக்கிள் போகும்போது பின்னாலேயே முனைவரை ஓடி வந்து, அங்கே நின்றுகொண்டு அழுவாராம். "கடைசிவரைக்கும் ஊசியை அவன் கையில குடுக்கவே இல்ல. எங்கம்மாவோட தையல் மிஷினு போச்சு, வீடு போச்சு. என்னைத் தரித்திரம்னு சொல்லி எங்க பெரியம்மா வீட்டுல தள்ளிட்டாங்க. அப்பக்கூட அவன் முறை வரல. எங்கப்பா செத்தே போயிட்டாரு" என்றாள்.

அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆனா என் கைக்கு நாலு குதிரை வந்துச்சுடி. வரிசையா. ஊரே பேசிச்சு" என்றாள். தலை நரைத்தவள், குடும்பமே போனதைச் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் கண்ணில் ஒரு பளபளப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே சிரிப்பு செத்தது. நானும் காஜாக்காரிகளிடம் அப்படித்தான் பீற்றிக்கொண்டிருக்கிறேன். எங்கப்பா என்னைக் கேட்காமல் ஒரு சீட்டு எடுக்கமாட்டார் என்று.

இதையெல்லாம் கேட்டு எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. உன் கடிதத்தில் சமையல் மேடை என்ற இடம் வந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த மேடையில் முதலில் நின்றவள் நான். ஒரு மூணு வயசுக் குழந்தைமேல் எரிகிறேன், முகம்கூடச் சரியாக ஞாபகமில்லாத குழந்தைமேல்.

மருந்தை விடாமல் கொடு. கிள்ளாதே.

அக்கா

ஜூன் 29, ஞாயிறு, இரவு

அக்கா,

பட்டாணியை மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நேற்று அம்மாவுக்கு ஷிப்ட். "பட்டாணிக்குப் பால் கலக்கிக் குடுக்கணும், நீயும் வா" என்று அப்பா என்னையும் கூட்டிப்போனார். ஆயாவாகப் போனேன். அவள் அப்பா மடியில், நான் டயர்மேல்.

முதலில் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். புகையில் அவளுக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே கட்டை வெட்டினாள். அந்த ஆட்டம் அப்பாவுக்கு வந்தது. அடுத்து இருமாமல் வெட்டினாள், போயிற்று. மறுபடி இருமினாள், வந்தது. அப்பா நிமிர்ந்து டயர்க்காரரைப் பார்த்தார். டயர்க்காரர், "மெக்கானிக்கு, பாப்பா இருமினாத்தான் உனக்குச் சீட்டு பேசுதுய்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் அதை நம்பிவிட்டார். எனக்கு அவர் முகம் தெரியும்.

நான் பையிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்தேன். "அப்புறம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தேன். "அப்புறம்னு சொன்னேன்ல குட்டி" என்றார். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. பாட்டிலை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலமாகிவிட்டது, இங்க் பேனாவைக் கடித்தது போல.

அப்போது நான் என்ன செய்தேன் என்று சொன்னால் நீ காறித்துப்புவாய். நான் இருமினேன். அவளுக்காக இருமினேனா, எனக்காக இருமினேனா என்று இன்னும் தெரியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அவளைவிடச் சத்தமாக இருமினேன். என்னைக் கூப்பிடட்டும், என் கையில் ஊதட்டும் என்று. அப்பா திரும்பிப் பார்த்தார். "என்ன, சளியா? வீட்டுக்குப் போனதும் உப்புத் தண்ணி கொப்பளி" என்றார்.

ஆட்டம் முடிந்து படியிறங்கும்போதுதான் அவரே அவளுக்கு ஒரு மூடி மருந்து ஊற்றினார், பாட்டிலை என்னிடம் திருப்பித் தரவில்லை. காலையில் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அழுதாள். அப்புறம், "அடுத்த சனிக்கிழமை பெரிய ஆட்டமாம். ராத்திரி முழுக்க. அது ஒண்ணு ஜெயிச்சிட்டா எல்லாத்தையும் நிறுத்திடறேன்னு சத்தியம் பண்ணியிருக்கார்டி" என்றாள். அம்மாவுக்கும் அந்த வாரம் ராத்திரி ஷிப்ட்தான்.

பட்டாணி ஒரு ராத்திரி முழுக்க அங்கே தாங்கமாட்டாள். சீக்கிரம் எழுது.

குட்டி

ஜூலை 2, புதன்

குட்டி,

நான் எழுதியதையெல்லாம் நீ எரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் எரிக்கவில்லையே.

என் செருப்பைக்கூட அவர் தாண்டவில்லை என்று எழுதியிருந்தாய். அவர் பயப்படுகிற பொருள் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, என் கை பட்டது, அது உன்னிடம் இருக்கிறது. இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு செய். நீ என்னோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தாய் என்று தெரிந்த நிமிஷம் உன் கையும் அவருக்குத் தோற்ற கைதான். பட்டாணிக்கு மட்டும் இல்லை, உனக்கும் முடிந்துவிடும். இனி எந்தக் காலத்திலும் சீப்பு கிடையாது. உன் இடத்தில் நான் இருந்தால் செய்வேனா என்று ராத்திரி யோசித்தேன். செய்திருக்கமாட்டேன். சீப்பைத்தான் கேட்டிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உன்மேல் இன்னும் பொறாமைதான். உனக்கு விட்டுக்கொடுக்க ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது.

அத்தையிடம் சொன்னேன். "இது என்ன சத்திரமா? தம்பி தோக்கத் தோக்க அக்கா வடிச்சுக் கொட்டணுமா?" என்று கத்தினாள். சாப்பிட்ட பிறகு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துபார்த்தாள்.

அக்கா

ஜூலை 5, சனி, இரவு

அக்கா,

அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பட்டாணி தூங்குகிறாள். கடையில் வேறு பாட்டில் வாங்கி, மருந்தை என் கையாலேயே கொடுத்துவிட்டேன். அதற்குப் பணம் பெஞ்சுக்காரி தந்தாள். ஏன் தருகிறாய் என்று கேட்டதற்கு, "எங்கப்பாவும் இன்னிக்குத்தான் ஆடறார். உங்கப்பா வரலேன்னா எங்களுக்குத்தானே நல்லது" என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அறைக்கு வெளியே, வாசற்படியை ஒட்டி, உன் கடிதங்கள் எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பி வைத்திருக்கிறேன். எழுத்து மேலே தெரியும்படி. சுவரிலிருந்து சுவர்வரைக்கும். அவற்றைத் தாண்டாமல் யாரும் கதவைத் தொட முடியாது. கால் வைக்க ஒரு உள்ளங்கை இடம்கூட விடவில்லை.

இதுவரைக்கும் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டர் வந்துவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நடையில் பல்ப் போடாமல் இருட்டாக இருந்தது. அங்கிருந்தே குரல் கொடுத்தார். "குட்டி, பட்டாணிக்குக் கவுன் போட்டாச்சா? நேரமாச்சு."

"அவ வரமாட்டாப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

சாவிக்கொத்து குலுங்கியது. அப்புறம், "சரி" என்றார். "அவ தூங்கட்டும். நீ வா."

நான் பட்டாணியின் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நீதான்டா வரணும். நான்தான் அவசரப்பட்டுக் கையை மாத்திட்டேன். உன் கை மாதிரி வருமா? கதவைத் திற, தலை சீவி விடறேன். சீப்பு எடுத்துட்டு வந்திருக்கேன் பாரு."

அக்கா, சீப்பின் பல்லை விரலால் தடவினார். அந்தச் சத்தம் கதவு வழியாக வந்தது. நான் எழுந்துவிட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். உள்ளே ஒருத்தி, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று குதித்துக்கொண்டிருந்தாள். கடிதங்களைக் காலால் கூட்டிக் கதவுக்கு அடியில் இழுத்துக்கொண்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. பட்டாணி இங்கே தூங்குவாள், நான் அங்கே போவேன். யாருக்கும் நஷ்டமில்லை. அப்படித்தான் தோன்றியது. அடுத்த தடவை நான் தோற்றால் அவர் மறுபடி யாரைத் தூக்குவார் என்பதும் தோன்றியது.

பின்னால் பட்டாணி தூக்கத்தில் மூச்சு வாங்கினாள். விசில் இல்லை. சும்மா மூச்சு.

"அப்பா, லைட்டைப் போட்டுப் பாருங்க" என்றேன்.

சுவிட்ச் போட்ட சத்தம் கேட்டது. கதவுக்கு அடியில் வெளிச்சம் வந்தது. அதற்கப்புறம் சீப்புச் சத்தம் இல்லை.

"எத்தனை நாளா?" என்றார் கடைசியில்.

"ஸ்கூல் திறந்ததிலிருந்து."

"அப்ப உன் கை..."

"ஆமாப்பா. நேத்து ராத்திரி இதையெல்லாம் பட்டாணி தலகாணிக்கு அடியில வெச்சிருந்தேன். ராத்திரி பூரா. அவ கையும்தான்."

இப்படி ஒரு பேச்சை யாரும் யாரிடமும் பேசியிருக்கமாட்டார்கள். நான் ஏதோ விஷம் வைத்தது போல, அதை அவரும் நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தது போல. உன் எழுத்தில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். கையெழுத்துகூட அவ்வளவு அழகில்லை. அவருக்குத்தான் தெரியாது.

தெருவிலிருந்து வெல்டிங்காரர் கூப்பிட்டார். "மெக்கானிக்கு! வர்றியா இல்லையாய்யா? மேல எல்லாரும் உட்கார்ந்தாச்சு!" மறுபடி கூப்பிட்டார். அப்புறம் ஒரு ஹாரன், ஒரு கெட்ட வார்த்தை, வண்டி போகிற சத்தம்.

அவர் போகவில்லை அக்கா. விளக்குமாறு எடுத்து வருவார், உன் செருப்பைத் தள்ளியது போலத் தள்ளுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். விளக்குமாற்றுச் சத்தம் வரவில்லை. காகிதம் சரசரத்தது. முதலில் மெதுவாக, ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. முட்டி மடக்கினால் அவருக்குச் சொடுக்கு விழுமே, அந்தச் சத்தம் கேட்டது. ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். எந்தக் கடிதத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. குண்டூசி வருகிற இடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கோபமா, என்ன என்று ஒன்றும் புரியவில்லை. பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் எழுதுகிறேன். அவர் இப்போது என்ன செய்தாலும் உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் நிறுத்தாமல் எழுதுகிறேன். நாளைக்கு இதைப் பெஞ்சுக்காரியிடம்

தட்டுகிறார்.

ஓங்கித் தட்டவில்லை. சத்தம் கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வருகிறது, பட்டாணி தட்டுகிற உயரத்தில். தரையில் உட்கார்ந்துகொண்டு தட்டுகிறார். அக்கா, அங்கே உட்கார வேறு இடமே கிடையாது, உன் கடிதங்களின் மேல்தான்